கார் ஆலைக்காக அரசு எதைக் கொடுக்கிறது, எதை வாங்குகிறது?

ஒரு கார் கம்பெனி புதிய ஆலைக்கு இடம் தேடுகிறது என்று செய்தி கசிந்தால் போதும், நான்கைந்து மாநிலங்களின் தொழில்துறை அதிகாரிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதன் தலைமையகத்துக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து முதலமைச்சரோ ஆளுநரோ மேடையில் நின்று கைகுலுக்குகிறார். மறுநாள் நாளிதழில் இரண்டு எண்கள் பெரிதாக வரும்: முதலீடு எவ்வளவு, வேலை எத்தனை பேருக்கு. அந்த ஆலையை வரவழைக்க அரசு எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்ற மூன்றாவது எண் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும், அல்லது வராமலே போகும். முதலீட்டு ஊக்கச்சலுகை என்றால் என்னவென்று புரிந்துகொள்ள அந்த மூன்றாவது எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாட்டின் மைய அரசு சுங்க வரியை ஏற்றி, ‘எங்கள் சந்தை வேண்டுமானால் எங்கள் நாட்டுக்குள்ளேயே காரைச் செய்’ என்று கம்பெனியை நெருக்க முடியும். நாட்டுக்குள் எந்த ஊரில் செய்வது என்பது வேறு கேள்வி. அந்தப் போட்டியில் இறங்குவது மாநிலங்கள், மாகாணங்கள், மாவட்டங்கள், மாநகராட்சிகள். அவற்றின் கையில் சுங்க வரி கிடையாது. நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை, தங்கள் பங்குக்கு வரும் வரி, தொழிற்பயிற்சிக் கூடங்கள் ஆகியவைதான் உண்டு. இருப்பதைக் கொண்டுதான் இழுக்க வேண்டும்.

இந்தப் பேரத்துக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு என்று சொல்லத்தக்கது அமெரிக்காவின் அலபாமா. மெர்சிடீஸ் பென்ஸ் நிறுவனம் 1993-ல் அமெரிக்காவில் ஆலை கட்ட முடிவுசெய்தது. பல மாநிலங்கள் மோதின. அதுவரை கார் ஆலையே இல்லாத அலபாமா ஏறக்குறைய 25.3 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை அளித்து வென்றது. அப்போது வாக்களிக்கப்பட்ட வேலைகள் சுமார் 1,500. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 1,68,000 டாலருக்கு மேல் வருகிறது. ‘ஏமாந்துவிட்டார்கள்’ என்று அண்டை மாநிலங்களில் பலர் சொன்னார்கள். பிறகு நடந்தது கணக்கைக் குழப்பிவிட்டது. 2001-ல் ஹோண்டா அதே மாநிலத்தில் கார் செய்யத் தொடங்கியது. 2005-ல் ஹூண்டாய், 2021-ல் மாஸ்டாவும் டொயோட்டாவும் கூட்டாக. முதல் ஆலைக்குக் கொடுத்த விலையில் மற்ற மூன்றின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு நேர்மையான பொருளாதார அறிஞர் எவரும் ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல மாட்டார்.

இவ்வளவு செல்லம் கார் ஆலைக்கு மட்டும் ஏன்? ஒரு காரில் சிறிதும் பெரிதுமாகப் பல்லாயிரம் பாகங்கள் இருக்கின்றன. கார் கம்பெனி அவற்றில் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. மின்னணுச் சில்லும் சிறிய உணரிகளும் (சென்சார்) எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கில் அடங்கிவிடும். இருக்கை, பம்பர், முன்பக்கப் பலகை ஆகியவற்றின் கதை வேறு. எடை குறைவு, இடமோ அதிகம். லாரியில் ஏற்றினால் பாதிக்குப் பாதி காற்றைத்தான் ஏற்றி அனுப்புகிறோம். போதாததற்கு, பல ஆலைகளில் அடுத்து வரும் கார் எந்த நிறம், எந்த வகை என்று பார்த்து, அதே வரிசையில் இருக்கைகள் சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். ஆகவே இருக்கை செய்கிறவர் பக்கத்திலேயே ஆலை போட்டாக வேண்டும். அவரை ஒட்டி நுரைப்பஞ்சு வார்ப்பவர், துணி வெட்டுபவர், அச்சு செய்யும் பட்டறை. அரசு கண் வைப்பது இந்தக் கூட்டத்தின் மீது. பேரம் பேசுவது ஒரு கம்பெனியோடு என்றாலும், எதிர்பார்ப்பது ஐம்பது கம்பெனிகளை.

சலுகை என்றதும் அரசு கட்டுக்கட்டாகப் பணம் எடுத்துக் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கொடுப்பதும் உண்டு. முதலீட்டில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுத் தருவதை மூலதன மானியம் என்பார்கள். ஆனால் பெரும்பகுதி வரவேண்டியதை வசூலிக்காமல் விடுவதாகவே இருக்கும். சொத்து வரி இத்தனை ஆண்டுக்கு இல்லை. முத்திரைத்தாள் கட்டணம் இல்லை. மின்சாரத்தின் மீதான வரி இல்லை. கஜானாவிலிருந்து எதுவும் வெளியே போகாததால் வரவுசெலவுத் திட்டத்தில் இது கண்ணில் படாது. இது பெரிய வசதி, அரசியல்வாதிக்கு. அமெரிக்காவில் அரசுக் கணக்கு முறைகளை வகுக்கும் வாரியம் 2015-ல் 77-ஆம் எண் விதியை வெளியிட்டு, இப்படி விட்டுக்கொடுத்த வரியை மாநிலங்களும் நகரங்களும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்றது. அதற்கு முன்பு தங்கள் நகரம் எவ்வளவு இழக்கிறது என்பதே பல நகரத்தாருக்குத் தெரியாது.

இன்னும் மறைவான வகை ஒன்று உண்டு: வட்டியில்லாததற்குச் சமமான கடன். டாடா நிறுவனத்தின் நானோ கார் ஆலைக்கு குஜராத் அரசு கொடுத்தது இந்த வகை. ஆலை செலுத்தும் மதிப்புக்கூட்டு வரியைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான தொகை கடனாகத் திரும்ப வரும். வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 20 ஆண்டு. ‘கடன்தானே, திரும்ப வந்துவிடுமே’ என்று தோன்றும். ஒரு சிறு கணக்கு போடலாம். இன்று 100 கொடுத்து, முழுத்தொகையும் 20 ஆண்டு முடிவில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை 8 சதவீதத்தில் வேறெங்காவது போட்டிருந்தால் 20 ஆண்டில் அது 466 ஆகியிருக்கும். வேறுவிதமாகச் சொன்னால், 20 ஆண்டு கழித்துக் கைக்கு வரும் 100-க்கு இன்றைய மதிப்பு 21 அல்லது 22 மட்டுமே. கடன் என்ற பெயரில் முக்கால் பங்குக்கு மேல் தானமாகப் போயிருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் போடத் தெரிந்தவர் பாதி ஒப்பந்தங்களைப் படித்துவிடலாம்.

இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தபோது இந்த ஏற்பாட்டின் அடித்தளமே அசைந்தது. பழைய முறையில், ஒரு மாநிலத்தில் செய்த கார் வேறு மாநிலத்துக்கு விற்பனையானாலும் மத்திய விற்பனை வரி என்ற பெயரில் சிறு பங்கு உற்பத்தி மாநிலத்துக்கே வந்தது. புதிய வரியின் மாநிலப் பங்கு, கார் எங்கே வாங்கப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகிறது. ஆலை வைத்திருக்கும் மாநிலம் புகையையும் லாரி நெரிசலையும் வைத்துக்கொள்ள, வரி வேறிடத்துக்குப் போகிறது என்று உற்பத்தி மாநிலங்கள் முறையிட்டதில் நியாயம் இருக்கிறது. விற்பனை வரியைத் திருப்பித் தரும் பழைய வாய்பாடு உள்மாநில விற்பனைக்கு மட்டும் பொருந்துவதாகச் சுருங்கியது. பேச்சு மூலதன மானியம், சம்பளத்தில் ஒரு பங்கு, மின்கட்டணச் சலுகை என்று நகர்ந்தது.

நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை ஆகியவை வேறு ரகம். கார் ஆலையில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது வண்ணப்பூச்சுப் பிரிவு. தண்ணீரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அதற்குக் கட்டாயம். தகடு அழுத்தும் ராட்சத இயந்திரங்களுக்கு அசையாத தரை வேண்டும். செய்த கார் துறைமுகத்துக்கோ ரயிலுக்கோ போகச் சாலை வேண்டும். இவற்றை அரசு தன் செலவில் அமைத்துக் கொடுக்கும்போது கம்பெனிக்குச் செலவு மிச்சம். ஆனால் கம்பெனி கிளம்பினால் சாலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. பயிற்சிக் கூடமும் அப்படியே. அலபாமா மெர்சிடீஸுக்காகத் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் பொறுப்பைத் தானே ஏற்றது. வெல்டிங் ரோபோவைப் பழகிய கை அடுத்த ஆலைக்கும் உதவும். ஊரோடு ஒட்டிக்கொள்ளும் உதவி ஒன்று, கம்பெனியோடு கிளம்பிவிடும் உதவி இன்னொன்று. ஒப்பந்தத்தில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் நான் முதல் வேலையாகச் சொல்வேன்.

நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரம் ரத்தம் சிந்துவது அங்கேதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரம் 1981-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஆலை கட்ட இடம் கொடுப்பதற்காக போல்டவுன் என்ற குடியிருப்பையே கையகப்படுத்தியது. சுமார் 4,200 பேர் வீடிழந்தார்கள். தேவாலயங்களும் கடைகளும் இடிக்கப்பட்டன. ‘வேலைவாய்ப்பு பொதுநன்மைதான்’ என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அப்போது அதை அனுமதித்தது. 2004-ல் அதே நீதிமன்றம், வேறொரு வழக்கில், அந்தத் தீர்ப்பு தவறு என்று தள்ளியது. இடிந்த வீடுகளுக்கு 23 ஆண்டு தாமதமான ஆறுதல்.

மேற்கு வங்கத்தின் சிங்கூர் கதை இதைவிடப் பரவலாகத் தெரிந்தது. 2006-ல் டாடாவின் நானோ ஆலைக்காக மாநில அரசு 997 ஏக்கர் நிலத்தை எடுத்தது. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம்தான் கருவி. ஒரு பகுதி விவசாயிகள் இழப்பீட்டுக் காசோலையைத் தொட மறுத்தார்கள். மம்தா பானர்ஜி தலைமையில் போராட்டம் வலுத்தது. 2008 அக்டோபர் தொடக்கத்தில், பெரும்பகுதி கட்டி முடித்த ஆலையை விட்டுவிட்டு வெளியேறுவதாக ரத்தன் டாடா அறிவித்தார். சில நாட்களுக்குள் குஜராத்தின் சானந்தில் இடம் கிடைத்தது. எப்படி அவ்வளவு விரைவில்? அங்கே கொடுக்கப்பட்டது வேளாண் பல்கலைக்கழகத்தின் வசம் இருந்த அரசு நிலம். யாருடைய வயலையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் நில எடுப்பை ரத்து செய்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதற்குள் அந்த மண்ணில் கான்கிரீட் இறங்கியிருந்தது. சானந்தும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. எந்த நானோவுக்காக அத்தனை பாடும் பட்டார்களோ அந்தக் காரின் உற்பத்தி 2018-ல் ஏறக்குறைய நின்றுபோனது. ஆலை மட்டும் வேறு கார்களைச் செய்துகொண்டு நிற்கிறது. ஆக, அரசு பேரம் பேசியது ஒரு காருக்காக. கடைசியில் கையில் இருந்தது ஒரு தொழிற்பேட்டை.

பேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும். இடம் தேர்ந்தெடுக்கும் வரை கம்பெனி ராஜா. அடித்தளம் போட்டு, அழுத்த இயந்திரத்தை இறக்கி, வண்ணப்பூச்சுப் பிரிவு கட்டிவிட்டால் பணம் மண்ணில் புதைந்துவிட்டது. இனி எழுந்து போவது கடினம் என்பதால் அரசின் கை சற்று ஓங்கும். அதோடு கதை முடிவதில்லை. ஒரு கார் வகைக்குச் சில ஆண்டுகள்தான் ஆயுள். அடுத்த வகையை எந்த ஆலையில் செய்வது என்று கம்பெனி யோசிக்கத் தொடங்கும் நாளில் மறுபடியும் அது ராஜாவாகிவிடும். பழைய ஆலை, புதிய பேரம்.

இதை மிச்சிகனின் இப்சிலாண்டி என்ற சிறு நகரத்துப் பஞ்சாயத்து கசப்பாகக் கற்றுக்கொண்டது. அங்கே வில்லோ ரன் என்ற இடத்தில் இருந்த ஆலைக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1984-லும் 1988-லும் வரிக்குறைப்பு பெற்றது. பின்னர் அங்கே செய்துவந்த காரை டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பஞ்சாயத்து வழக்குப் போட்டது. 1993 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம், வரிக்குறைப்பு கேட்டபோது சொன்ன வார்த்தை கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. ஊரே கொண்டாடியது. ஆகஸ்டில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது: வேலை தருவோம் என்று நம்பிக்கையோடு சொல்வது சலுகை கேட்கும் எவரும் சொல்வதுதான், அது வாக்குறுதி ஆகாது. ஆலை மூடப்பட்டது.

இந்த ஆபத்தைத் தவிர்க்க விவரம் தெரிந்த அரசுகள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன: இத்தனை வேலை, இத்தனை ஆண்டு, தவறினால் சலுகையைத் திருப்பிக் கொடு. ஒஹையோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 2019-ல் மூடியபோது இந்த விதி கைகொடுத்தது. 2020-ல் மாநில வரிச்சலுகை வாரியம் 2.8 கோடி டாலரைத் திருப்பிக் கட்டச் சொல்லி உத்தரவிட்டது. கம்பெனி பெற்றிருந்தது ஏறக்குறைய 6 கோடி. பாதிகூட இல்லை என்று முணுமுணுக்கலாம். இப்சிலாண்டிக்குக் கிடைத்தது பூஜ்ஜியம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இதைவிட எளிய வழி, முதலில் வேலை, பிறகு பணம் என்று வைப்பது. சம்பளப் பட்டியலைக் காட்டினால் அந்த ஆண்டுக்குரிய தவணை, காட்டாவிட்டால் இல்லை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுலபம் என்பது கடன் கொடுக்கும் எவருக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சலுகை தராவிட்டாலும் கம்பெனி அங்கேயே வந்திருக்குமோ? பொருளாதார அறிஞர் டிமதி பார்டிக் 2018-ல் பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்து, அமெரிக்காவில் வழக்கமான அளவிலான சலுகை உண்மையில் முடிவை மாற்றுவது 100-ல் 2 முதல் 25 வரையான முதலீடுகளில்தான் என்று மதிப்பிட்டார். மற்றவை எப்படியும் வந்திருக்கும். அங்கே கொடுத்த பணம் வீண். அலபாமா போன்ற பிரம்மாண்டப் பேரங்களுக்கு இந்த விகிதம் அப்படியே பொருந்தாது என்றாலும், சலுகை தந்ததால்தான் வேலை வந்தது என்ற மேடைப் பேச்சைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கேள்வியைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. உறுப்பு நாடு ஒன்று பெரிய ஆலைக்கு வட்டார உதவி கொடுக்க வேண்டுமானால் ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதல் தேவை. உதவி இல்லாவிட்டால் இந்த முதலீடு அங்கே வந்திருக்காது என்று காட்ட வேண்டும். ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கட்டிய 140 கோடி யூரோ ஆலைக்கு 12.5 கோடி யூரோ உதவியை ஆணையம் 2018-ல் அனுமதித்தது, நீண்ட விசாரணைக்குப் பிறகு. இல்லையென்றால் கம்பெனி மெக்சிகோவுக்குப் போயிருக்கும் என்று அது முடிவுக்கு வந்தது. கம்பெனி காட்டும் கணக்கை அதிகம் நம்பியே இந்தச் சோதனை நடக்கிறது என்ற குறை உண்டு. ஆனாலும் கேள்வி கேட்க ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார். அமெரிக்காவிலோ இந்தியாவிலோ மாநிலங்களுக்கு இடையிலான ஏலத்தில் அப்படி நடுவர் எவரும் இல்லை.

வந்த ஆலை பக்கத்துத் தொழில்களுக்கு நல்லது செய்கிறதா? மைக்கேல் கிரீன்ஸ்டோனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2010-ல் ஒரு புத்திசாலித்தனமான ஒப்பீடு செய்தார்கள். பெரிய ஆலையை வென்ற மாவட்டத்தையும் கடைசிச் சுற்றில் தோற்ற மாவட்டத்தையும் அருகருகே வைத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, வென்ற மாவட்டத்தில் முன்பே இருந்த ஆலைகளின் உற்பத்தித் திறன் 12 சதவீதம் கூடுதலாக இருந்தது. புதிய ஆலையோடு ஆட்களையும் தொழில்நுட்பத்தையும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஆலைகளில் பலன் அதிகம். சம்பளமும் கூடியது, அது தொழிலாளிக்கு இனிப்பு, சிறு பட்டறை முதலாளிக்குக் கசப்பு.

சில அரசுகள் தானம் கொடுப்பதைவிடப் பங்கு வாங்குவது மேல் என்று நினைத்தன. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் ஃபோக்ஸ்வாகனில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குரிமையை வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் சட்டம் அந்தச் சிறுபான்மைப் பங்குக்கே பெரிய முடிவுகளைத் தடுக்கும் வலிமையைக் கொடுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007-ல் அந்தச் சட்டத்தைக் கண்டித்தது; ஆனாலும் மாநிலத்தைக் கேட்காமல் பெரிய முடிவு எடுப்பது இன்றும் எளிதல்ல. சீனாவின் ஹெஃபெய் நகரம் இன்னும் துணிந்தது. நியோ என்ற மின்கார் கம்பெனி பணமின்றித் தள்ளாடியபோது, 2020-ல் அந்த நகரத்தின் தலைமையிலான முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் போட்டு, அதன் சீன வணிகத்தில் 24.1 சதவீதம் வாங்கினார்கள். நிபந்தனை: சீனத் தலைமையகம் ஹெஃபெய்க்கு வர வேண்டும். ஓராண்டுக்குள் நியோவின் பங்கு விலை பல மடங்கு ஏறியது. இதைப் பார்த்து ‘எல்லா நகரமும் இப்படிச் செய்யலாமே’ என்று எழுதுகிறவர்கள், இதேபோல் பணம் போட்டு மின்கார் கனவில் தோற்ற சீன நகரங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியாக, மாநிலங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஏலம். பிரேசிலில் இதற்குப் பெயரே வரிப்போர். தெற்கில் உள்ள ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம் ஃபோர்டுக்குத் தாராளமான சலுகைகளை ஒப்புக்கொண்டிருந்தது. 1999-ல் புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் ஒலிவியோ டுட்ரா, இது அதிகம், திருத்தி எழுதலாம் என்றார். ஃபோர்டு கிளம்பி வடகிழக்கில் பஹியா மாநிலத்தின் கமசாரிக்குப் போய்விட்டது. 2001-ல் அங்கே ஆலை திறந்தது. டுட்ராவை நெடுநாள் பழித்தார்கள், பஹியாவை மெச்சினார்கள். 2021 ஜனவரியில் ஃபோர்டு பிரேசிலில் கார் உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவித்தது, கமசாரி மூடப்பட்டது. மூடிய கதவுக்கு வெளியே சாலையும், துறைமுக வசதியும், இருபது ஆண்டு கார் செய்து பழகிய ஆட்களும் இருந்தார்கள். அவற்றைப் பார்த்துத்தான் 2023-ல் சீனாவின் பிஒய்டி என்ற மின்கார் கம்பெனி அதே இடத்துக்கு வந்தது.